கொள்ளேன் என்னும் சொல்

தோற்றுவாய்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைமேல் ஏறுவோர் முதலில் வியப்பது அங்குள்ள ஊராட்சிகளின் பெயர்களைத்தான். தேவனூர் நாடு, வளவந்தி நாடு, சேலூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு எனப் பலவும் ‘நாடு’ என்னும் பழஞ்சொல்லைத் தாங்கி நிற்கின்றன. காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி வரலாறு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த இந்நாடுகளில், வழக்கென்று வந்தால் பெரியவர்கள் கூடி இரு தரப்பையும் பேசவிட்டுக் கேட்டுத் தீர்ப்பது மரபாக இருந்துவந்தது. இன்ன சொல்லுக்கு இன்ன விளைவு என்பதை அறிந்து பேசிய சமுதாயம் அது.

அந்த மலைக்கு உரியவனாக விளங்கியவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி. அவனை நோக்கிப் பாடப்பெற்ற புறநானூற்றுப் பாடல் ஒன்று நான்கே சொற்களில் ஓர் அறக்கணக்கைத் தருகின்றது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழித்து, உலகின் மறுகோடியில், கணிப்பொறி விளையாட்டுகளை ஆக்குவோர் அதே நான்கு சொற்களோடு போராடத் தொடங்கினர். ஆடுபவரே ஒரு பாத்திரத்தை ஏற்று, பிற பாத்திரங்களோடு உரையாடி, தாம் தேர்ந்தெடுக்கும் விடைக்கேற்பக் கதை கிளைபிரியக் காணும் விளையாட்டுகள் அவை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழர் இவ்விளையாட்டுகளை அன்றே கண்டனர் என்று பெருமை பேசுவது இதன் கருத்தன்று. அறத்தைச் சொல்லால் சோதிக்க முற்படும் எந்தக் கலையும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. அவ்விடரைக் கொல்லியைப் பாடிய புலவர் முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதே இங்குக் காட்டப்பெறுவது.

ஓரியின் வாயிலில் நான்கு சொற்கள்

புறநானூற்றின் 204ஆம் பாடலைப் பாடியவர் கழைதின் யானையார். பரிசில் வேண்டி ஓரியை நாடியவர் அவர். ஒருவரிடம் சென்று ‘தா’ எனக் கேட்பது இழிவு. கேட்டவருக்குத் ‘தரேன்’ என்பது அதனினும் இழிவு. கேளாமலே ‘கொள்க’ எனக் கொடுப்பது உயர்வு. அவ்வாறு கொடுத்ததைக் ‘கொள்ளேன்’ என்பது அதனினும் உயர்வு. இதுவே அப்பாடலின் தொடக்கத்தில் அமைந்த கருத்து.

இதன் அமைப்பு ஈண்டு நோக்கத்தக்கது. இருவர் எதிரெதிரே நிற்கின்றனர். ஒருவர் வறியர், மற்றவர் உடையவர். யார் முதலில் பேசுவது என்பதில் ஒரு கிளை பிரிகின்றது. மற்றவர் என்ன மறுமொழி தருகின்றார் என்பதில் இன்னொரு கிளை பிரிகின்றது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தராதரம் உண்டு. புலவர் தம்மை எக்கிளையில் நிறுத்துகின்றார் என்பதுதான் பாடலின் உயிர்நிலை. அவர் கேட்டு நிற்பவர். நான்கனுள் இழிந்தவற்றுள் ஒன்றைத் தாமே தேர்ந்தவர். அதனை மறைக்காமலே பாடலைத் தொடங்குகின்றார். பின்னர்க் கடலையும் சிறுகுட்டையையும் காட்டுகின்றார். தெளிந்து பரந்த கடல்நீரை நீர்வேட்கை கொண்டார் உண்ணுவதில்லை. ஆடுமாடு கலக்கிய சேற்றுநீரே ஆயினும், உண்ணுதற்குரிய நீர் இருக்குமிடத்திற்குச் செல்லும் வழிகள் பல. பரிசில் கிட்டாது திரும்புவோரும் தாம் புறப்பட்ட நிமித்தத்தையும் பொழுதையும் பழிப்பரேயன்றி வள்ளலைப் பழியார். ஆதலின் ஓரியை வெறுத்தல் இல்லை என முடிக்கின்றார்.

ஓரியோ ‘கொள்க’ என்னும் சொல்லையும் தன் பெயர் மறைத்துச் சொன்னவன். வன்பரணரின் 152ஆம் பாடலில், ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் கூட்டம் காட்டில் காண்கின்றது. அவர்கள் பாடி முடித்து அரசனுக்குரிய விளியைச் சொன்ன அளவில் அவன் நாணுகின்றான். வேட்டையில் கிடைத்த ஊனையும் தேனையும், தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் அளிக்கின்றான். அவனே கொல்லித் தலைவன் என்பதை அவர்கள் உய்த்துணர்கின்றனர். கொடுத்தவன் பெயர் கொடையில் இல்லை; எனவே அக்கொடைக்குக் கணக்கும் இல்லை.

கொள்ளாதார் மூவர்

நான்காம் சொல்லாகிய ‘கொள்ளேன்’ வெறும் பாட்டளவில் நின்றதன்று. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, தன்னைக் காணக் குன்றும் மலையும் கடந்துவந்த பெருஞ்சித்திரனாரைக் காணாமலே பரிசில் அனுப்பினான். வறுமையுற்ற புலவர் அதனை ஏற்கவில்லை. தாம் வாணிகம் செய்யும் பரிசிலர் அல்லர் என்றும், தகுதி அறிந்து தருவது தினையளவாயினும் இனிதென்றும் 208ஆம் பாடலில் உரைத்தார்.

பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தைப் பாடிய அரிசில்கிழார் இரண்டாமவர். கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் இருபெரு வேந்தரையும் வென்று தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, அவருக்குப் பெரும்பொருளோடு அரியணையையே அளித்தான் என்கின்றது அப்பத்தின் பதிகம். புலவர் அரியணையைக் கொள்ளாது, ‘நீயே ஆள்க’ என இரந்து, அமைச்சுரிமை மட்டும் பூண்டார். கொள்ளேன் என்பதும் இரத்தலும் ஒரே வாயில் ஒரே நேரத்தில் பிறந்த அருமை இது. கழைதின் யானையார் வகுத்த தராதரத்தில் உயர்ந்ததும் இழிந்ததும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

மூன்றாமவர் பெருந்தலைச் சாத்தனார். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டிலிருந்த குமணன், கொடுக்கப் பொருளின்றித் தன் தலையை ஈவான்போலத் தன் வாளை ஈந்தான். ‘கொள்வேன்’ என்றால் கொலை. ‘கொள்ளேன்’ என்றால் வள்ளலின் கடைசிக் கொடைக்கு இழுக்கு. சாத்தனார் வாளைக் கொண்டார். அதனை இளங்குமணனிடம் எடுத்துச்சென்று காட்டிப் பாடினார். தம்முன் வைக்கப்பட்ட இரு வழிகளையும் விடுத்து மூன்றாம் வழி ஒன்றைச் சொல்லால் வெட்டிக்கொண்டவர் அவர்.

தோழியின் ஏழு வழிகள்

புறத்தில் இங்ஙனமாக, அகத்தில் கிளைபிரியும் உரையாடலுக்கு இலக்கணமே வகுக்கப்பட்டது. தலைவியின் களவைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்தும் துறைக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். ஒரு காதலை வெளிப்படுத்துதல் ‘அறத்தோடு நிற்பது’ எனப் பெயர்பெற்றமை எண்ணத்தக்கது. தொல்காப்பியப் பொருளியல் அதற்கு ஏழு வழிகளைச் சுட்டுகின்றது: எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல், கூறுதல் உசாதல், ஏதீடு, தலைப்பாடு, உண்மை செப்பும் கிளவி.

தலைவன் தலைவிபால் எளியனாய் நிற்கின்றான் எனலாம், அவனைப் புகழலாம், அவன் வேட்கையைச் சொல்லலாம், வெறியாடும் வேலனிடமோ கட்டுவிச்சியிடமோ உசாவுமாறு குறிப்பால் சொல்லலாம், யானையிடமிருந்தோ வெள்ளத்திலிருந்தோ காத்தான் என்று ஒரு காரணத்தை இட்டுச் சொல்லலாம், தற்செயலாய் எதிர்ப்பட்டதாகச் சொல்லலாம், எதுவும் மறையாது உண்மையையே செப்பலாம். கேட்பவள் ஒருத்தி, நோக்கம் ஒன்று, வழி ஏழு. எதனைத் தேர்ந்தாலும் தலைவியின் வாழ்வு அச்சொல்லில் தொங்குகின்றது. பொய்யும் மெய்யும் கலந்த வழிகளையும் அறத்தொடு நிற்றலுக்குள் அடக்கியவர் தொல்காப்பியர். அறம் என்பது நாவின் நேர்மை மட்டுமன்று, பிறர் வாழ்வின் காப்பும் ஆகும் என்று அவர் கருதியிருத்தல் வேண்டும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இவ்வழிகளில் நடந்து 261 அடிகளில் விரிந்த ஒரே ஒரு கூற்று. பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனுக்கு ‘வாயில் மறுத்தல்’ ஒரு துறை. ‘வாயில் நேர்தல்’ அதன் எதிர்த்துறை. ஒரே வாயிற்படியில் திறக்கும் கதவும் மூடும் கதவும் இவை. புலவர் ஒருவர் ஒரு பாடலில் ஒரு கிளையில்தான் செல்ல இயலும். மற்ற கிளைகளை மற்றப் புலவர்கள் பாடினர். தொகுத்தோர் அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, இன்னார் கூற்று, இன்னாருக்குச் சொல்லியது எனக் குறிப்பு வரைந்தனர். ஐங்குறுநூறோ, ‘அன்னாய் வாழிப் பத்து’ முதலாகப் பத்துப் பத்துப் பாடல்களாக ஒரு விளியையோ பொருளையோ சூழ்ந்துவருகின்றது. தனிப்பாடல் ஒரு கிளை, தொகையே மரம்.

கணிப்பொறியில் கிளைத்த கதை

கணிப்பொறி விளையாட்டில் இம்மரம் வேறு வகையில் நடப்படுகின்றது. திரையில் ஒரு பாத்திரம் பேசுகின்றது. அதன்கீழ் மூன்று நான்கு மறுமொழிகள் தோன்றுகின்றன. ஆடுபவர் ஒன்றைத் தேர்கின்றார். எழுத்தாளரின் இடர்ப்பாடு உடனே தொடங்குகின்றது. ஒவ்வொரு படியிலும் மூன்று மறுமொழிகள் வைத்து ஒவ்வொன்றையும் தனிக்கிளையாக வளர்த்தால், ஐந்தாம் படியில் 243 முடிவுகள் எழுதப்பட வேண்டும்; பத்தாம் படியில் 59,049. இது மனித முயற்சிக்கு அப்பாற்பட்டது. ஆகவே கிளைகளைச் சிறிது தூரம் பிரியவிட்டு மீண்டும் ஒரே நடுத்தண்டில் சேர்த்துவிடுவர். சொன்ன சொல்லைக் கணிப்பொறி ஒரு குறியாக நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னொரு காட்சியில் அக்குறியைப் பார்த்து ஒரு பாத்திரம் முகம் சுளிக்கும் அல்லது கைகொடுக்கும்.

அறத்தையே பொருளாகக் கொண்ட முதல் பெருமுயற்சிகளுள் ஒன்று 1985இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கேரியட் ஆக்கிய ‘அல்டிமா’ வரிசையின் நான்காம் விளையாட்டு. அதன் துணைப்பெயரில் ‘அவதாரம்’ என்னும் இந்தியச் சொல் இடம்பெற்றது. வெல்லுதற்குரிய பகைவன் இறுதியில் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளிலும் நிறைவெய்துவதே வெற்றி. தொடக்கத்திலேயே குறிசொல்லும் பெண்ணொருத்தி, இரு பண்புகள் தம்முள் முரணும் சூழலைச் சொல்லி எதனைத் தேர்வாய் எனக் கேட்பாள். தீமைக்கும் நன்மைக்கும் இடையே தேர்வு எளிது. நன்மைக்கும் நன்மைக்கும் இடையேதான் அரிது. அவ்விளையாட்டில் மூலிகை விற்கும் கண்பார்வையற்ற வணிகர் உண்டு. எவ்வளவு காசு வைப்பது என்பதை வாங்குபவரே முடிவு செய்ய வேண்டும். குறைத்து வைத்தால் அவர் அறியார். ஆனால் வாய்மையின் அளவு உள்ளே குறையும்.

இம்மரபு வளர்ந்து 2003இல் பயோவேர் நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்பட உலகைக் களமாகக் கொண்டு ஆக்கிய விளையாட்டில் ஒளிப்பக்கம், இருட்பக்கம் என்று வெளிப்படையான அளவுகோலாயிற்று. 2007இல் வந்த அந்நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட்’டிலும் இருவகை நெறிக்கு இரு அளவுகள் இருந்தன. வறியவர் ஒருவருக்கு உதவியபின் அவர் கைம்மாறு தர முன்வருவார். ‘கொள்வேன்’ என்பது ஒரு விடை. ‘கொள்ளேன்’ என்பது மற்றொரு விடை. கொள்ளாதவருக்கு ஒளிப்புள்ளிகள் கூடும் இடங்களும் உண்டு.

எண்ணும் அறமும்

கழைதின் யானையாரின் நான்காம் சொல் இங்ஙனம் எண்ணாக மாறிற்று. இதுவே மேற்சொன்ன இடர். புள்ளி கிடைக்கும் என்று அறிந்து ‘கொள்ளேன்’ என்பவர் காசைக் கொள்ளவில்லை; புள்ளியைக் கொண்டார். அவர் சொன்னது நான்காம் சொல் போன்ற முதற்சொல்லே. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் அண்டிரன் இம்மையில் செய்வது மறுமைக்கு உதவும் எனக் கருதி அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் என்று 134ஆம் புறப்பாட்டில் தெளிவுறுத்தியது இதனையே. மறுமைப் பயன் என்னும் புள்ளியைக்கூட அவர் ஒதுக்கினார்.

இரண்டாம் இடர் மீட்சி. விளையாட்டை ஓரிடத்தில் பதிந்துவைத்து, விளைவு பிடிக்கவில்லையெனில் அவ்விடத்திற்கே திரும்பி வேறு விடை சொல்லலாம். வேதாளத்தின் கேள்விக்கு விடை தெரிந்தும் பேசாதிருந்தால் விக்கிரமாதித்தனின் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் முருங்கைமரம் ஏறும். எவ்விடைக்கும் விலை உண்டு. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதழில் இக்கதைகளைப் படித்து வளர்ந்தோர் இதனை அறிவர். மீட்சியுள்ள விளையாட்டில் விலையே இல்லாமற் போகின்றது.

நல்ல ஆக்குநர்கள் இவ்விரு குறைகளையும் உணரத் தலைப்பட்டனர் என்பதே அண்மைக்கால வரலாற்றின் சிறப்பு. போலந்து நாட்டில் 2007இல் உருவான ‘தி விட்சர்’ அற அளவுகோலை நீக்கியது. ஒரு சொல்லின் விளைவைப் பல மணிநேர ஆட்டத்திற்குப்பின் வெளிப்படுத்தியது. அப்போது திரும்பிச் செல்லுதல் எளிதன்று. 2015இல் டோபி ஃபாக்ஸ் ஆக்கிய ‘அண்டர்டேல்’, ஆடுபவர் அழித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கினாலும் முன்பு செய்த சிலவற்றை நினைவில் வைத்துச் சுட்டிக்காட்டியது. எஸ்தோனிய எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் முன்னின்று எழுதிய ‘டிஸ்கோ எலீசியம்’ 2019இல் வெளிவந்தது. அதில் ஆடுபவரின் உள்ளமே 24 குரல்களாகப் பிரிந்து அவரோடு வாதிடும். பொருள்வயிற் பிரிய எண்ணும் தலைவன் தன் நெஞ்சோடு கிளத்தும் பாடல்களைப் பயின்றோர்க்கு அது அயலாகத் தோன்றாது.

இவை யாவும் வெற்றி என்பதற்கில்லை. ‘மாஸ் எஃபெக்ட்’டின் மூன்றாம் பகுதி 2012இல் வெளிவந்தபோது, பல ஆண்டுகள் தாம் தேர்ந்த விடைகள் எல்லாம் இறுதியில் சில முடிவுகளுக்குள் சுருங்கின என்று ஆடியோர் பெரிதும் மனங்குமைந்தனர். கிளைகளை நடுத்தண்டில் சேர்க்கும் உத்தி அங்கே வெளிப்பட்டுவிட்டது. தம் சொல்லுக்கு விளைவு உண்டு என நம்பியவர்களின் ஏமாற்றம் அது.

கனடாவில் ஒரு வெண்பா

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓரிடம் வந்துவிட்டது. கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். 1980களின் இறுதியில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. ஆடுபவர் இட்டலியும் புட்டும் சமைக்க வேண்டும். இடையிடையே கணவனுக்கோ மகனுக்கோ என்ன சொல்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சமையற் குறிப்பேட்டின் பக்கங்கள் சிதைந்துள்ளன. விடுபட்டதை ஊகித்தே செய்ய வேண்டும். மகன் வளர்ந்தபின் அக்குறிப்பேட்டின் தமிழைப் படிக்கத் தடுமாறுகின்றான்.

இவ்விளையாட்டு 2024இல் அமெரிக்காவின் தனியார் விளையாட்டு விழாவில் முதன்மைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த முதல் படைப்புக்கான விருதையும் பெற்றது. இதில் புள்ளிகள் இல்லை. ஒளிப்பக்கமும் இருட்பக்கமும் இல்லை. தேர்ந்தெடுக்கும் விடைகள் கதையின் போக்கைப் பெரிதும் மாற்றுவதுமில்லை. எனினும் தாயின் வாயில் எந்தச் சொல்லை வைப்பது என்று ஆடுபவரின் விரல் ஒரு கணம் தயங்குகின்றது. அத்தயக்கமே அங்குக் கிடைக்கும் பயன். தோழியின் ஏழு வழிகளும் ஒரே திருமணத்தை நோக்கியே செல்கின்றன. ஆயினும் எவ்வழியில் சென்றாள் என்பதில்தான் அவள் யார் என்பது புலப்படுகின்றது. விளைவை மாற்றாத தேர்வும் தேர்ந்தவரைக் காட்டிவிடும்.

நிறைவாக

கொல்லி மலையிலேயே கோயில்கொண்ட அறப்பள்ளி ஈசுவரரை முன்னிலைப்படுத்திப் பதினெட்டாம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் ‘அறப்பளீசுர சதகம்’ பாடினார். இன்னது செய்க, இன்னது தகாது என நிரல்படுத்தும் நூல் அது. அதற்குரிய பயன் அதற்குண்டு. ஆனால் நிரல் வேறு, வாயில் வேறு. நிரலைப் படிப்பவர் அறத்தை அறிகின்றார். வாயிலில் நிற்பவர் தம்மை அறிகின்றார். சங்கப் புலவர் நம்பியது வாயிலை. இன்றைய விளையாட்டு ஆக்குநருள் சிறந்தோர் தேடுவதும் அதனையே.

ஓரியின் முடிவும் இங்கு நினைக்கத்தக்கது. முள்ளூர் மன்னன் மலையமான் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என அகநானூற்றின் 209ஆம் பாடலில் கல்லாடனார் குறிக்கின்றார். ஓரியைக் கொன்ற காரி அவனது தெருவில் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணை 320ஆம் பாடலில் உவமையாக வைத்தவர் கபிலர். அதே கபிலர் காரியின் கொடையைப் புறநானூற்றில் பாடியவர்; பரிசிலர் தகுதி அறிந்து தருதலே அரிது, எல்லாரையும் பொதுவாக நோக்குதலை ஒழிக என்று அவனுக்கு அறிவுரையும் கூறியவர். வள்ளலைக் கொன்ற வள்ளலை எங்ஙனம் பாடுவது? இருவரையும் அவர் மறைக்கவில்லை. பதிந்த இடத்திற்குத் திரும்பிச் சென்று ஓரியை உயிர்ப்பிக்கும் வாய்ப்பு எந்தப் புலவருக்கும் இல்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே வைத்து, அதன் பாரத்தைச் சொல்லில் ஏற்றிக்கொள்வது ஒன்றே அவர்களால் இயன்றது.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் கவிதை எழுதுவோர் பலர் உளர். அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தகைய விளையாட்டுகளை ஆடக்கூடும். சிலர் ஆக்கவும் முற்படலாம். அவற்றில் பேசும் பாத்திரங்களுக்குத் தமிழில் சொல் வேண்டும். ஒரு சூழலுக்கு ஏழு வகையில் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அப்பணிக்குத் தமிழ்ப் புலமை அழைக்கப்படும் நாளில், அங்கே எண்ணாக மாறிப்போன நான்காம் சொல்லை மீண்டும் சொல்லாக்கித் தருவது புலவரின் கடன். ‘கொள்ளேன்’ என்பவருக்கு எதுவும் கூடாத, எவரும் கைதட்டாத ஓரிடத்தை எழுதிக் காட்டினால் போதும். ஓரி காட்டில் தன் பெயரைச் சொல்லாமல் கொடுத்த இடம் அது.